கயிற்றின் மறுமுனை

புரட்டாசி பாதி கழிந்துவிட்டால் எங்கள் ஊரில் தரையைவிடக் கூரையில்தான் நடமாட்டம் மிகுதி. வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் ஓடு மாற்றி முடிக்க வேண்டும். கொட்டகைகளில் விரிசல் விட்ட ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை அகற்றிப் புதியன பொருத்த வேண்டும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியில் கசியும் நீருக்கு வழி காண வேண்டும். அண்மைக் காலத்தில் சோலார் தகடு பொருத்துவோரும் அவற்றைக் கழுவித் துடைப்போரும் இக்கூட்டத்தில் சேர்ந்துகொண்டனர். இராமநாதபுரம் சீமையின் கடலோர ஊர்களை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாட்டனார் காலத்து ஓட்டு வீடும், கொழும்புப் பணத்தில் எழுந்த மச்சு வீடும், அரபு நாட்டுப் பணத்தில் எழுந்த மூன்றடுக்கு மாடியும் ஒரே தெருவில் தோளோடு தோள் நிற்கும். ஒவ்வொன்றிலும் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொன்றிலிருந்து விழுவதற்கும் தனித்தனி முறை உண்டு.

ஏறுகிறவர் பெரும்பாலும் நம் வீட்டார் அல்லர். ஆயினும் அவரை நமக்குத் தெரியும். அவருடைய தகப்பனாரையும் தெரியும். ஏணியை அவரே கொணர்வார். நாம் தேநீர் கொடுக்கிறோம், கூலி கொடுக்கிறோம், 'பார்த்து ஏறப்பா' என்று ஒரு சொல்லும் கொடுக்கிறோம். அச்சொல்லுக்கு அப்பால் அவருக்கு நாம் கடமைப்பட்டிருப்பது ஏதேனும் உண்டா என்பதே சில ஆண்டுகளாக என் உள்ளத்தை அரித்துவரும் வினா.

இதனைப் பேச எனக்கு ஒரு சிறு தகுதி உண்டு. 1983ஆம் ஆண்டு முதல் 1999ஆம் ஆண்டுவரை சவூதி அரேபியாவின் ஜுபைல் நகரில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் பண்டகசாலையில் பணியாற்றினேன். கடலோரச் சிற்றூராயிருந்த ஜுபைல் பெருந்தொழில் நகரமாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எஃகுச் சட்டங்களும் குழாய்களும் கிடங்குக் கூரைகளும் வானை நோக்கி வளர்ந்துகொண்டேயிருந்தன. காலை நாலரை மணிக்கு என் சாளரத்தின் முன் வரிசை நிற்கும். மலையாளி, பட்டாணி, பிலிப்பினோ, தாய்லாந்துக்காரர், நம் நாட்டு இளைஞர் எனப் பல முகங்கள். ஒவ்வொருவர்க்கும் தலைக்கவசம், கையுறை, 'பெல்ட்' ஆகியவற்றைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பேன். மாலையில் திரும்ப வாங்கி ஆணியில் மாட்டுவேன். பதினாறு ஆண்டுகளில் என் கைவழியே எத்தனை பெல்ட்டுகள் சென்று மீண்டன என்று கணக்கெடுத்தால் அது ஒரு தனிப் பேரேடு ஆகும்.

தொடக்கக் காலத்தில் பெல்ட் என்றால் இடுப்புப் பட்டைதான். தடித்த நைலான் வார், ஒரு பெரிய வளையம், அதில் ஆறடிக் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு கொக்கி. அதனை இடையில் இறுக்கிக்கொண்டவர் தம்மை மரணத்திலிருந்து காத்துக்கொண்டதாகவே எண்ணினார். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அன்று வேறெவரும் வேறு விதமாக எண்ணியதாகத் தெரியவில்லை. 1986ஆம் ஆண்டு ஒருவர் குழாய்ப் பாலத்தின் மேலிருந்து வழுக்கினார். கயிறு அறுபடவில்லை, கொக்கி விலகவில்லை, பட்டை பிரியவில்லை. மூன்றும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்தன. ஆனால் அவருடைய உடலின் முழுப் பாரமும் ஒரே நொடியில் அந்த நான்கு விரல் அகலப் பட்டையின்மீது இறங்கிற்று. விலா எலும்புகள் முறிந்தன. வயிற்றினுள் இரத்தம் கசிந்தது. உயிரோடு ஊர் திரும்பினார். பின்னர் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க இயலாதவராய் வாழ்ந்தார் என்று அவருடைய ஊர்க்காரர் ஒருவர் கூறக் கேட்டேன்.

இதன் கணக்கு எளியது. ஆறடி வீழ்வதற்கு ஒருவர்க்கு முழுதாக ஒரு நொடியும் ஆவதில்லை. நொடியில் ஐந்தில் மூன்று பங்கு போதும். அதற்குள் அவர் மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தை எய்திவிடுகிறார். அவ்வேகத்தைச் சட்டென்று சில அங்குலங்களுக்குள் நிறுத்தினால், எழுபது கிலோ மனிதர் ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட இழுப்பைத் தம் இடுப்பில் தாங்க நேரும். விழுவது மட்டுமன்று, நிற்பதும் ஆளைக் கொல்லும் என்பதை உலகம் மெல்லத்தான் உணர்ந்தது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து கட்டுமானப் பணிகளில் வீழ்ச்சியைத் தடுப்பதற்கு இடுப்புப் பட்டையைப் பயன்படுத்துவது சட்டத்தால் விலக்கப்பட்டது. எங்கள் பண்டகசாலைக்கு அதற்குச் சற்று முன்பாகவே தோளும் தொடையும் தழுவும் முழு உடற்கச்சைகள் பெட்டி பெட்டியாக வந்திறங்கின. 'ஹார்னஸ்' என்னும் சொல்லை அன்றுதான் பலர் கற்றனர். குதிரைக்குப் பூட்டும் சேணத்துக்கும் அதே பெயர்தான் என்று சொல்லி ஒரு மலையாளி நண்பர் நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

புதிய கச்சை நல்ல கருவி, அதில் ஐயமில்லை. இழுப்பைத் தொடைகளும் இடுப்பெலும்பும் மார்பும் தோளும் பங்கிட்டுக்கொள்கின்றன. கயிற்றின் நடுவே ஒரு சிறு பொட்டலம் இருக்கும். அதற்குள் மடித்துத் தைத்த நாடா, விழும்போது தையல் தையலாகப் பிரிந்து மூன்றரை அடிவரை நீண்டு, அதிர்ச்சியைத் தானே விழுங்கிக்கொள்ளும். ஆனால் அணியத் தெரிந்திருக்க வேண்டும். முதுகு வளையம் இரு தோட்பட்டைகளுக்கும் நடுவே அமர வேண்டும். பிடரியிலும் கூடாது, இடுப்பிலும் கூடாது. தொடைப் பட்டையினூடே விரித்த உள்ளங்கை நுழையலாம், மடக்கிய முட்டி நுழையலாகாது. வெயிலுக்கு அஞ்சித் தொடைப் பட்டையைத் தளர்த்திவிட்டு நடப்பவர் பலர். விழும் நேரத்தில் அத்தளர்ச்சி அவருக்கு இழைக்கும் கொடுமையைக் குடும்பங்கள் படிக்கும் இவ்விதழில் எழுத இயலாது.

பொருளைப் பேணுவதிலும் ஒரு நேர்மை வேண்டும். வெயிலில் கிடந்து நிறம் வெளிறிய நாடா உள்ளே பலமிழந்திருக்கும். பேட்டரி அமிலம் ஒரு துளி பட்டாலும் போயிற்று. வெல்டிங் பொறி விழுந்து கருகிய இடத்தை விரலால் வளைத்துப் பார்த்தால் இழைகள் முறிந்து எழும்பும். பெயர் எழுதிவைக்கும் ஆசையில் நாடாவின்மேல் வண்ணம் பூசிவிடுவார்கள். வண்ணத்துக்கடியில் இருக்கும் வெட்டு எவர் கண்ணுக்கும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி உண்டு: ஒரு முறை ஓர் ஆளை ஏந்திய கச்சை மறுமுறை எவரையும் ஏந்தலாகாது. ஒரு குளிர்காலத்தில் கிடங்குக் கூரையில் துத்தநாகத் தகடு வேய்ந்துகொண்டிருந்த இளைஞர் ஒருவரை ஷமால் காற்று தகட்டோடு சேர்த்துத் தூக்கிவிட்டது. இருபதடித் தகடு காற்றில் பாய்மரம் அன்றோ! கச்சை அவரை ஏந்திற்று. மேனியில் ஒரு கீறலும் இல்லை. மறுநாள் அக்கச்சை என் மேசைக்கு வந்தது. பார்வைக்குப் புதியது, விலையோ அவருடைய மாதச் சம்பளத்தில் பாதி. 'துடைத்து மாட்டி வையும், யாருக்குத் தெரியப்போகிறது' என்றார் மேற்பார்வையாளர். நான் கத்தரிக்கோலை எடுத்து அவர் கண்முன்னே நாடாக்களைத் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் இட்டேன். அவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அதனால் எனக்கு நட்டமேதுமில்லை.

அந்த இளைஞரைக் குறித்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் தொங்கியது பதினொரு நிமிடம். தூக்கு வண்டி வந்து அவரை இறக்கியபோது முகம் வெளுத்து, கால்கள் மரத்து, பேச்சுக் குழறியது. அசைவின்றித் தொங்கும் மனிதரின் குருதி கால்களில் தேங்கிவிடுகிறது. இதயத்துக்கும் மூளைக்கும் போதிய அளவு திரும்புவதில்லை. சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். மேலும் தாமதித்தால் உயிரே போகலாம். ஆகவே கச்சை கட்டி ஒருவரை ஏற்றுபவர், அவர் தொங்க நேர்ந்தால் இறக்குவது எப்படி என்பதையும் அவர் ஏறுமுன்பே முடிவு செய்திருக்க வேண்டும். தனியாக எவரையும் ஏற்றலாகாது என்பதன் பொருள் இதுவே. கீழே நிற்பவர் வேடிக்கை பார்ப்பதற்காக நிற்கவில்லை.

இனி நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன். எங்களிடம் சாரம் கட்டும் குழுவின் தலைவராக முதிய பட்டாணியர் ஒருவர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பாதுகாப்பு அதிகாரிகள் கீழிருந்து அண்ணாந்து பார்த்து, எல்லாருடைய முதுகிலும் கச்சை இருக்கிறதா என்று எண்ணிக் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்த முதியவர் முதுகைப் பார்ப்பதில்லை. 'கிதர் பாந்தா?' என்று மேல்நோக்கி ஒரு குரல் கொடுப்பார். 'எங்கே கட்டினாய்?' என்பது அதன் பொருள். பாதிப் பேருடைய கொக்கி அவர்களுடைய தோளிலேயே மாட்டியிருக்கும். வால் போலப் பின்னால் ஆடிக்கொண்டிருக்கும். சிலர் மின்கம்பி செல்லும் மெல்லிய குழாயில் மாட்டியிருப்பர். சிலர் தாம் பொருத்திக்கொண்டிருக்கும் தகட்டிலேயே மாட்டியிருப்பர். தகடு விழுந்தால் அவரும் கூடவே விழ வேண்டியதுதான். அந்த ஒற்றை வினாவுக்கு விடை சொல்ல முடியாதவரை அவர் அன்று இறக்கிவிடுவார். பெரிய நிறுவனங்கள் தடித்த நூல்களில் எழுதிவைத்திருப்பதன் சாரம் முழுவதும் அந்த இரண்டு சொற்களில் அடங்கியிருந்ததை நான் பிற்பாடு உணர்ந்தேன்.

கயிற்றின் ஒரு முனையில் மனிதர் இருக்கிறார். அவரை நமக்குத் தெரிகிறது. மறுமுனையில் என்ன இருக்கிறது? அமெரிக்க விதியின்படி அம்முனையிலுள்ள பிடிமானம் ஓர் ஆளுக்கு 5,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,270 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். பழைய அம்பாசடர் கார்கள் இரண்டினை அதில் கட்டித் தொங்கவிட்டாலும் அது அசையலாகாது. இப்போது நம் மொட்டைமாடியை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். கைப்பிடிச் சுவர் நாலரை அங்குலச் செங்கற்கட்டு, தண்ணீர்க்குழாய் பிளாஸ்டிக், துணி உலர்த்தும் கம்பத்தை ஒரு சிறுவன் அசைத்துவிடுவான், டிஷ் ஆண்டெனாவின் காலுக்கு நான்கு சிறிய ஆணிகள். இவற்றுள் எதில் அந்த இரண்டு கார்களைத் தொங்கவிடப் போகிறோம்?

உயரமும் ஒரு பிடிமானந்தான் என்று சொல்லலாம். ஆறடிக் கயிறு, அது நீளும் மூன்றரை அடி, முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை ஐந்தடி, தரையில் படாதிருக்க மூன்றடி இடைவெளி. கூட்டினால் பிடிமானத்திலிருந்து கீழ்நோக்கிப் பதினேழரை அடி வெற்றிடம் வேண்டும். நம் ஊர்க் கொட்டகையின் கூரையோரம் பன்னிரண்டு அடிக்குமேல் இராது. அங்கே காலடியில் கொக்கியை மாட்டிக்கொண்டு ஆறடிக் கயிற்றோடு விழுபவரைக் கயிறு பிடிக்குமுன் தரை பிடித்துவிடும். தாழ்ந்த கூரையில் இக்கச்சையின் பயன் வேறு. கயிற்றைக் குட்டையாக்கி, ஓரத்தையே எட்ட முடியாதபடி ஆளை நிறுத்திவைப்பது; கன்றைத் தும்பில் கட்டுவது போல. விழுந்தபின் தாங்குவதைவிட விழும் இடத்துக்கே போகவிடாமல் தடுப்பது மேலான காவல். அன்றியும், பிடிமானம் ஒரு மூலையிலும் வேலை மறு மூலையிலும் இருந்தால், விழுபவர் கடிகாரத்தின் ஊசற்குண்டு போல வீசிச் சென்று சுவரில் மோதுவார். கயிறோ சுவர் விளிம்பில் உராய்ந்து அறுபடும்.

கச்சையைவிட மேலானது ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1933இல் தொடங்கி 1937இல் முடிந்தது. அதன் தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ், 1,30,000 டாலர் செலவில் பாலத்தின் அடியில் ஒரு பெருவலையை விரித்துவைத்தார். பத்து இலட்சம் டாலர் கட்டுமானத்துக்கு ஓர் உயிர் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்த காலத்தில் அது ஊதாரித்தனமாகவே பலர்க்குத் தோன்றியிருக்கும். அவ்வலையில் விழுந்து பிழைத்தவர் 19 பேர்; 'நரகத்துக்குப் பாதி வழி போனவர்கள் சங்கம்' என்று அவர்கள் தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டனர். கச்சை அதனைக் கட்டியவரை மட்டும் காக்கும். வலையோ மறந்தவரையும் அறியாதவரையும் காக்கும். கைப்பிடிச் சுவரும் அத்தகையதே. எனினும் 1937ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், ஒரு வேலைமேடை கழன்று வலையின்மேல் விழ, வலை கிழிந்து பத்துப் பேர் கடலில் மாண்டனர். மனிதரைத் தாங்குவதற்கென்று கணக்கிட்ட வலை அத்தனை டன் மேடையைத் தாங்கவில்லை. அங்கும் வினா ஒன்றுதான்: தாங்குவதைத் தாங்குவது எது?

இத்தனையும் கற்றுத் திரும்பிய எனக்கு நம் ஊரில் ஒரு பாடம் காத்திருந்தது. எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றித் தந்தவர் ஒருவர். என் வாப்பா காலத்திலிருந்தே வருபவர். உம்மா அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'தம்பி' என்றே அழைப்பார். ஒரு கல்யாண மண்டபத்தின் சமையற்கூடக் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு மாற்ற அவரை அழைத்திருந்தனர். மண்டபத்தார் கல்நெஞ்சர் அல்லர். பக்கத்து ஊரில் நேர்ந்த ஒரு விபத்தைக் கேள்வியுற்று, மதுரைக்கு ஆளனுப்பிப் புத்தம்புதுக் கச்சை ஒன்றை வாங்கிவந்து அவருக்கு மாட்டிவிட்டார்கள். மாட்டியபின் கயிற்றை எங்கே கட்டுவது என்று எவரும் கேட்கவில்லை. தகட்டை இரும்புச் சட்டத்தோடு பிணைக்கும் கொக்கி ஆணி ஒன்று கூரையில் நீட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் தடிமன்கூட இராது, முப்பதாண்டுத் துரு. அதில் கட்டினார். ஆணி வரிசைமேல் கால்வைத்து நடந்தால் தகடு உடையாது என்பது கூரை வேலைக்காரரிடையே ஒரு நம்பிக்கை. அது பொய், கிழடு தட்டிய தகடு ஆணியோரத்திலும் உடையும். உடைந்தது. பதினான்கு அடி. கச்சை அவர் மேனியில் ஒழுங்காகவே இருந்தது. ஆணி அதன் கயிற்றோடு அவர் பக்கத்தில் கிடந்தது.

அவர் இறக்கவில்லை. முதுகுத் தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றவராய் இன்றும் படுக்கையில் இருக்கிறார். மண்டபத்தார் மருத்துவச் செலவை ஏற்றனர். குறை சொல்ல இயலாது. அவர்களுள் ஒருவர் என்னிடம், 'நாங்க செய்ய வேண்டியதச் செஞ்சுட்டோம் காக்கா, பெல்ட்டும் வாங்கிக் குடுத்தோம். அதுக்கு மேல அல்லாஹ்வோட நாட்டம்' என்றார். சொன்னவர் கண்ணில் நீர் இருந்ததால் நான் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. கைப்பிடிச் சுவரில்லாத மாடியில் உறங்குகிறவர் தமக்குரிய பாதுகாப்பைத் தாமே இழக்கிறார் என்னும் கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை எல்லா மேடைகளிலும் கேட்கிறோம். மாடிச் சுவர் பற்றிய இதனை அதிகம் கேட்பதில்லை. உறங்குகிறவருக்கே அத்தகைய எச்சரிக்கை என்றால், பிறருடைய வீட்டுக்காக விழித்திருந்து உழைக்கிறவரை நாம் எதன்மீது நிறுத்துகிறோம் என்பதற்கு விதியை விடையாக்குவது எனக்குப் பொருந்தவில்லை. துருவேறிய ஆணி விதியன்று. அதனை ஏறுமுன் ஒருவர் கையால் அசைத்துப் பார்த்திருக்கலாம்.

சட்டத்தின் துணையை நாடலாமே என்பீர்கள். நம் நாட்டில் 1996இல் கட்டடத் தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டம் வந்தது. 1998இல் அதற்கு விரிவான விதிகளும் வந்தன. ஆனால் அது பத்துப் பேரேனும் வேலை செய்யும் இடங்களைத்தான் எண்ணியது; சிறு வீட்டுப் பணிகளையும் விலக்கிவைத்தது. பின்னர் இயற்றப்பட்ட 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் பத்து என்னும் எண்ணே நிலைக்கிறது. ஏணியும் மகனுமாக வந்து ஒரு பகல் வேலை செய்து போகிறவரை எந்த ஆய்வாளரும் அண்ணாந்து பார்க்கப் போவதில்லை. சட்டமும் ஆய்வும் செம்மையாக நடக்கும் பிரிட்டனிலேயே, 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையில் வேலையில் விபத்தால் இறந்த 138 பேரில் 50 பேர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தவர்கள். நம் தெருவில் அந்த ஆய்வாளர் வேறெவருமல்லர். கூலி கொடுக்கும் வீட்டுக்காரரே.

அடுத்த ஆண்டு எங்கள் தெருவின் ஓதற்பள்ளிக் கொட்டகைக்கு வேலை வந்தது. அதுவும் ஆஸ்பெஸ்டாஸ், நடுநடுவே வெளிச்சத்துக்காகப் பதித்த கண்ணாடித் தகடுகள் புழுதி படிந்து, மற்றவற்றினின்று வேறு தெரியாமல் கிடந்தன. அத்தகைய தகட்டில் கால் வைப்பது காகிதத்தில் கால் வைப்பதாகும். கூட்டத்தில் இளையவர் ஒருவர் எழுந்து, 'நல்ல கம்பெனி பெல்ட்டா ரெண்டு வாங்கிருவோம்' என்றார். நான் அந்தப் பட்டாணியரின் வினாவைக் கேட்டேன். 'எங்கே கட்டுவது?' எவரிடமும் விடையில்லை. ஏனெனில் அக்கூரையில் கட்டத்தக்க இடமே இல்லை. பிறகு, கூரைமேல் ஏறாமல் இவ்வேலையைச் செய்ய வழியுண்டா என்று பேச்சுத் திரும்பிற்று. உண்டு. சக்கரம் வைத்த சாரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, உள்ளே நிறுத்தி, பூட்டிட்டு, சுற்றிலும் கைப்பிடியுள்ள மேடைமேல் நின்று, அடியிலிருந்தே ஒவ்வொரு தகடாகக் கழற்றலாம். ஆணியை அறுக்கும் இயந்திரத்தைச் சுழலவிடாமல், தகட்டை நனைத்து, உடைக்காமல் இறக்க வேண்டும். அத்தூள் நுரையீரலுக்குப் பகை. மேலே போயே ஆகவேண்டிய இரண்டு இடங்களுக்கு மட்டும், மூன்று இரும்புச் சட்டங்களின்மீது படுமாறு நீண்ட பலகைகளைப் பரப்பி, அடியில் வலையும் கட்டினோம்.

செலவு கூடிற்று; மறைப்பதற்கில்லை. ஒரு நாளில் முடியும் வேலை நான்கு நாளாயிற்று. 'ஒரு மணி நேரத்துல மேல போய்க் கழட்டிப் போட்டுருவேன் பாய், இதுக்கு எதுக்கு இவ்வளவு கூத்து' என்று கேட்டவர் வேறெவருமல்லர். படுக்கையில் கிடக்கிறாரே, அவருடைய மகன்தான். அஞ்சாமை அவருக்குத் தொழில் தந்த சொத்து. 'அத்தாவைக் கேட்டுட்டு வந்து சொல்லு' என்றேன். மறுநாள் வந்தவர் ஒன்றும் பேசாமல் சாரத்தின் சக்கரத்தைப் பூட்டினார்.

அவர் இப்போது சோலார் தகடு பொருத்தும் வேலையில் இருக்கிறார். சென்ற ஆண்டுகளில் என் ராத்தா தம் வீட்டு மாடியில் பத்துத் தகடுகள் வைக்க முனைந்தபோது, அவரையே அழைத்தோம். இம்முறை தகட்டுக்கு விலை கேட்குமுன் ராத்தா பொறியாளர் ஒருவரை அழைத்து, கயிறு கட்ட எங்கே இடம் என்று கேட்டார்கள். நான் சொல்லிக்கொடுத்ததன்று, தம்பிமார் பேசுவதை அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களின் சொந்த முடிவு அது. கைப்பிடிச் சுவரைத் தொடாமல், கான்கிரீட் உத்திரத்தைத் துளைத்து, அடியில் இரும்புத் தட்டு வைத்து முடுக்கிய நான்கு வளையங்கள். பொறியாளர் இழுத்துச் சோதித்து எழுதியும் கொடுத்தார். இடையே ஒரு கம்பிவடம். அதில் கொக்கியை மாட்டிக்கொண்டு நடந்தால், எந்தத் தகட்டையும் எட்டலாம், ஓரத்தை எட்ட முடியாது.

துருப்பிடிக்காத எஃகுதான் என்று விற்றவர் சொன்னார். கடற்காற்றிடம் அச்சொல் செல்லவில்லை. ஆண்டுதோறும் புரட்டாசியில் அந்த மகன் வந்து ஒவ்வொரு வளையத்தையும் துணியால் துடைத்து, வெடிப்புண்டா என்று பார்த்து, கையால் அசைத்துவிட்டுத்தான் கச்சையை எடுக்கிறார். நான்கில் மூன்று உறுதியாக இருக்கின்றன. கிழக்கே கடலைப் பார்த்த ஒன்றில் பழுப்புக் கறை படரக் கண்டு, சென்ற ஆண்டு அதனை மாற்றினோம்.